பிசியோதெரபி படித்தவர்கள் எங்கே போகிறார்கள்?

பிளஸ் டூ முடிவு வந்ததும் உறவினர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பிசியோதெரபியில் சேர்த்தால் வேலை கிடைக்குமா?" இந்தத் தொழிலில் இருப்பவள் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறார்கள். கூடப் படித்தவர்களைப் பற்றிச் சொல்வேன். ஒரு கல்லூரியில் படித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கை எங்கே போய்க் கேட்பது?

அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் தரும் கேப்டி அமைப்பு, படிப்பை முடித்தவர்கள், உரிமத் தேர்வில் தேறியவர்கள், வேலையில் சேர்ந்தவர்கள் ஆகிய மூன்று விகிதங்களையும் கல்லூரிகள் இணையதளத்தில் வெளியிட்டே ஆக வேண்டும் என்கிறது. இரண்டு ஆண்டுச் சராசரி முறையே 80, 85, 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. (கட்டணம் அங்கே கழுத்தை நெரிக்கும், அது வேறு கதை.)

இங்கே மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் ஃபார்மசிக்கும் தனிப் பட்டியல் உண்டு. அதில் இடம் கேட்கும் கல்லூரி, மாணவர், மாணவியர் எண்ணிக்கை முதல் வேலைக்குப் போனவர்களின் சம்பளம் வரை காட்டியாக வேண்டும். பிசியோதெரபி போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கு அப்படியொரு பட்டியலே இல்லை.

தமிழ்நாட்டில் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே பிபிடி என்னும் பிசியோதெரபி பட்டப்படிப்புச் சேர்க்கை நடந்துவந்திருக்கிறது. அதனால்தான் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் பலர் இங்கே வருகிறார்கள். நான் பார்த்த வகுப்புகளில் பெண்களே அதிகம். நகையை அடகு வைத்து நான்கு ஆண்டுக்கு மேல் படிக்கவைக்கும் வீடுகளுக்குத்தான் இந்தக் கணக்கு முதலில் தேவை. அதுவும் வெறும் வேலை விகிதம் போதாது. கிளினிக்கில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்பவரும், வெளிநாடு போனவரும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக ஒப்பந்தப் பணி செய்பவரும் அதில் ஒன்றாகிவிடுவார்கள். திருமணத்துக்குப் பின் தொழிலை விட்ட பெண்கள் எந்த விகிதத்திலும் தெரியமாட்டார்கள்.

2025 செப்டம்பரில், பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன் 'டாக்டர்' போடக் கூடாது என்று சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் கடிதம் அனுப்பி மறுநாளே திரும்பப் பெற்றது. எங்கள் ஆட்கள் எப்படிக் கொதித்தார்கள்! அந்தக் கொதிப்பில் கால்வாசியாவது இந்தக் கணக்குக்காக வந்திருக்கலாம். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 மத்தியச் சட்டப்படி எங்களுக்கும் பதிவேடு வரப்போகிறது. பதிவைப் புதுப்பிக்கும்போதே என்ன வேலை, எந்த ஊர், என்ன சம்பளம் என்று கேட்டு, பெயரில்லாமல் கல்லூரிவாரியாக வெளியிட என்ன தடை?

அதுவரை பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். கட்டடத்தையும் ஆய்வகத்தையும் பார்த்தது போதும். ஐந்தாண்டுக்கு முன் முடித்தவர்கள் சிலரிடம் பேச வேண்டும் என்று கல்லூரியில் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.