மஞ்சள் பாலும் சிண்டோபாவும்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் எந்த மெடிக்கலுக்குப் போனாலும் மூட்டுவலி தைலத்துக்குப் பக்கத்தில் மஞ்சளின் சத்தான குர்குமின் கேப்ஸ்யூல் டப்பா நிற்கிறது. பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் வந்த பெரியவர் இருக்கிற வீட்டுக்கு யாராவது ஒரு சொந்தக்காரர் அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். "நம்ம மஞ்சள்தானே, என்ன பண்ணிடப் போவுது?"

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம். மீன்குழம்புச் சட்டி முழுக்க நாம் போடுவதே அரை டீஸ்பூன்தான். '95 சதவீதம்' என்று அச்சடித்த 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்றில் 475 இருக்கிறது. அஞ்சு டீஸ்பூன் மஞ்சளை ஒரே மடக்கில் விழுங்குவதை யாரும் சமையல் என்று சொல்ல மாட்டார்கள்.

அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் சேராது. 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகுச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு இருபது மடங்கு ஏறியது. முதலில் ஏறியதே ரொம்பக் கொஞ்சம், அதன் இருபது மடங்குதான், அதையும் மனசில் வையுங்கள். அதிலிருந்துதான் டப்பாவில் பைப்பரினும் சேர்ந்தே வருகிறது. வில்லங்கமும் அங்கேதான். மருந்தை உடைத்து வெளியே தள்ளும் கல்லீரல், குடல் வேலையைப் பைப்பரின் மந்தப்படுத்தும். மஞ்சளுக்கு மட்டும் பார்த்துச் செய்யாது. வலிப்பு மருந்தான ஃபெனிடாயின், பிரஷர் மருந்தான புரோப்பிரனலால் இரண்டும் ரத்தத்தில் கூடுவது பதிவாகியிருக்கிறது. பார்க்கின்சன்காரருக்கு எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்குவது ஏற்கெனவே உண்டு. நடுக்கத்துக்குப் புரோப்பிரனலாலும் சாப்பிட்டால், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிடலாம்.

பலன்? பார்க்கின்சனில் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் மூளை நரம்பில் கட்டிகட்டியாகச் சேர்வதைக் குர்குமின் குறைப்பது சோதனைக்குழாயில் தெரிந்தது, எலியிலும் நல்ல பலன் பார்த்தார்கள். மனிதருக்கு நோயின் வேகத்தைக் குறைக்கும் என்று நிரூபணம் இல்லை.

டப்பா வாங்காத வீட்டில் மஞ்சள் பால். படுக்கப் போகும் முன் ஒரு தம்ளர் பால், சிட்டிகை மஞ்சள், அதோடேயே லெவோடோபா என்ற மருந்து உள்ள பார்க்கின்சன் மாத்திரை சிண்டோபா. மஞ்சளை விடுங்கள், இங்கே கெடுப்பது பால். 200 மில்லி பாலில் புரதம் 6, 7 கிராம் இருக்கும். அது செரித்துவரும் அமினோ அமிலமும் லெவோடோபாவும் சிறுகுடலில் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். கூட்டத்தில் மாத்திரை பின்னால் நின்றுவிடும். "மாத்திரை கேக்க மாட்டேங்குது" என்று ஒன்றுக்கு ஒன்றரையாகக் கொடுக்கும் முன், எதோடு கொடுக்கிறோம் என்று பாருங்கள். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், இல்லையென்றால் ஒருமணி பின்னால், வெறும் தண்ணீரில். குமட்டினால் ரெண்டு மேரி பிஸ்கட் போதும். இரும்புச்சத்து மாத்திரைக்கு ரெண்டு மணிநேரமாவது இடைவெளி வேண்டும், அது லெவோடோபாவைக் கட்டிப்போடும்.

இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குக் கேப்ஸ்யூலே வேண்டாம், ரத்தம் கசியும் அபாயம் கூடும். பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் இருந்தாலும் வேண்டாம்.

கல்லீரல் விஷயத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். மஞ்சள் கேப்ஸ்யூலால் கல்லீரல் வீங்கிய கேஸ்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் ஆரம்பித்துச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ வருகிறது. பசி போகும், உடம்பு அரிக்கும், சிறுநீர் கறுக்கும். ஆனால் என்டகபோன் என்ற இன்னொரு பார்க்கின்சன் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சிறுநீர் எப்படியும் செம்பழுப்பாகத்தான் போகும், லெவோடோபாவும் நிறத்தை மாற்றும். "மாத்திரைக் கலர்" என்று விட்டுவிடுவோம். அதனால் கண்ணின் வெள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் தின்று கண் மஞ்சளாகாது. மஞ்சளாகியிருந்தால் கேப்ஸ்யூலை அன்றே நிறுத்தி, எல்எஃப்டி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். சிண்டோபாவை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விட்டால் உடம்பு விறைத்துக் காய்ச்சல் ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி நரம்பியல் ஓபிக்குப் போகும்போது சீட்டோடு கேப்ஸ்யூல் டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பைப்பரின் எவ்வளவு என்பது டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில்தான் இருக்கும், வாயால் சொல்ல வராது.