ஹாஷ் பொருந்தினால் மட்டும் போதாது

அடையாளத்தை மறைத்து இணையத்தைப் பயன்படுத்த உதவும் டெயில்ஸ் இயங்குதளத்தை நிறுவுவது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை தெளிவாக இருந்தது. ஆனால் 'பதிவிறக்கிய கோப்பின் ஹாஷ், தளத்தில் போட்டிருப்பதோடு ஒத்துப்போனால் போதும்' என்ற வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஒரு குறியீடு; உள்ளடக்கம் மாறினால் அதுவும் மாறும். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை, பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். இணைப்பையே மாற்ற முடிந்தவர்களுக்கு, அதே தளத்தில் இருக்கும் ஹாஷை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? கோப்பு வரும் வழியில் சிதையவில்லை என்பதைத்தான் ஹாஷ் சொல்லும். கோப்பைக் கொடுத்தவர் யார் என்று சொல்லாது.

அதற்குத்தான் ஓபன்பிஜிபி கையொப்பம்: வெளியிடுபவர் தன்னிடம் மட்டுமே இருக்கும் ரகசியச் சாவியால் போடும் டிஜிட்டல் முத்திரை; அதன் ஜோடியான பொதுச் சாவியால் யாரும் அதைச் சோதிக்கலாம். சரி, கையொப்பத்தைச் சோதிக்கும் பொதுச் சாவியையும் அதே தளத்தில்தானே எடுக்கிறோம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இதற்கு நல்ல வழி இருக்கிறது: டெபியன் உருவாக்குநர்களின் பொதுச் சாவிகள் அடங்கிய டெபியன்-கீரிங் தொகுப்பை நிறுவி, டெயில்ஸ் சாவியில் அவர்களின் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கலாம். டெயில்ஸ் ஆவணத்திலேயே இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. மற்றவர்கள் குறைந்தபட்சம் வேறொரு இணைய இணைப்பிலிருந்து, வேறொரு கணினியில் அந்தச் சாவியின் கைரேகையை (சாவியை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீட்டை) ஒப்பிட வேண்டும்.

அப்புறம், கையொப்பத்தைச் சோதிக்கும் ஜிபிஜி மென்பொருள் 'நல்ல கையொப்பம்' என்று சொன்ன கையோடு, சாவி நம்பகமானதாகச் சான்றளிக்கப்படவில்லை என்றும் எச்சரிக்கும். பலர் அங்கே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். கோப்பில் கோளாறு என்று அதற்குப் பொருள் இல்லை. அந்தச் சாவி யாருடையது என்பதை நீங்கள் இன்னும் உறுதிசெய்யவில்லை, அவ்வளவுதான். பத்திரிகையாளர்களும் செயல்பாட்டாளர்களும் நம்பிப் படிக்கும் கட்டுரை இது. தயவுசெய்து இந்தப் பகுதியையும் சேர்த்துவிடுங்கள்.