இன்னும் 9 நிமிடமாம்!

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கிறது. வெளியே ஐப்பசி அடைமழை. பால்கனி மூலையில் எங்கள் வாஷிங் மெஷின் ‘9 நிமிடம்’ என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. பால் காய்ச்சி இறக்கிவிட்டு வந்து பார்த்தேன், 9. தோசைக்கு அரைத்து வழித்துவிட்டு வந்தேன், அப்போதும் 9. நடுவில் ஒரு முறை 7 வரை இறங்கியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் தடதடவென்று உதறிவிட்டு மறுபடியும் 9க்கே ஏறிக்கொண்டது. சாண் ஏறினால் முழம் சறுக்குவதை அன்றைக்குத்தான் எண்களாகப் பார்த்தேன்.

முக்கால் மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் கீச்சென்று ஒரு சத்தம், திரையில் ‘யு.இ.’ என்று இரண்டு எழுத்து. அவ்வளவுதான், நின்றுவிட்டது. கதவைத் திறந்தால் உள்ளே மலைப்பாம்பு இரை விழுங்கிப் படுத்திருப்பதைப் போல அத்தையின் பவானி ஜமக்காளம். வயிற்றுக்குள் இரண்டு தலையணை உறையையும் என் மகனின் சாக்ஸையும் வேறு சுருட்டி வைத்திருந்தது. எல்லாமே சொட்டச் சொட்ட ஈரம்.

எனக்கு முதல் கோபம் அந்த இரண்டு எழுத்தின் மேல்தான். இந்த இயந்திரத்தின் நெற்றியில் செயற்கை நுண்ணறிவு என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். துணியின் எடை தெரியுமாம், தன்மை தெரியுமாம், எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அதுவே முடிவு செய்யுமாம். இத்தனை தெரிந்த மேதைக்கு ‘துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது, வந்து பிரித்துப் போடு தாயே’ என்று ஒரு வரி சொல்லத் தெரியவில்லை. துவைத்து முடித்தால் மட்டும் அரை நிமிடம் பாட்டுப் பாடுகிறது! அந்தப் பாட்டை வைக்க இடம் இருந்த இடத்தில் ஒரு தமிழ் வாக்கியம் வைக்க இடம் இல்லாமல் போய்விட்டதா? அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் கையேட்டைத் தேட வேண்டும். அது எங்கே இருக்கிறது? மிக்ஸி வாரண்டி அட்டையும் பழைய கேஸ் ரசீதும் கிடக்கும் டிராயரில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில்.

அடுத்த கோபம் சர்வீஸ் ஆள் மேல். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகவே திட்டப்போகிறேன்.

தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தி, புகாருக்கு எண் மூன்றை அழுத்தி, ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்பதைப் பதினோரு முறை கேட்டு, மறுநாள் ஒரு தம்பி வந்தார். மேல் தகட்டைக் கழற்றினார். உள்ளே டிரம்முக்கு மேலே இத்தனை பெரிய கான்கிரீட் கட்டி. வீடு கட்டியவர்கள் மறந்துவிட்டுப் போன கல் என்று நினைத்து நான் பதறிவிட்டேன். அது வேண்டுமென்றே வைத்ததாம். டிரம் சுழலும்போது மொத்தப் பெட்டியும் நடனமாடாமல் இருக்க, பாரத்துக்காக வைப்பார்களாம். சரி, அதுவரைக்கும் ஒரு பாடம் படித்தேன். பிறகு கையால் டிரம்மை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டி, “போர்டு போய்விட்டது மேடம். 7,800 ஆகும்” என்றார். வந்து பார்த்ததற்கு 450 ரூபாய் தனி.

போர்டு, அதாவது இயந்திரத்தை ஆட்டிவைக்கும் மின்னணுப் பலகை, போய்விட்டதா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, வெறும் டிரம்மோடு ஸ்பின், அதாவது பிழியும் சுற்று, மட்டும் போட வேண்டும். தண்ணீர் ஒழுங்காக வெளியேறி, காலி டிரம் முழு வேகத்தில் சுற்றினால் மோட்டாரும் போர்டும் பம்பும் நன்றாக இருக்கின்றன, சிக்கல் பெரும்பாலும் துணியிலோ இயந்திரம் நிற்கும் இடத்திலோ இருக்கிறது என்று அர்த்தம். இதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தத் தம்பி போன பிறகு நானே போட்டுப் பார்த்தேன். போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்ன அந்த போர்டு, விமானம் கிளம்புவது போல ஹூ என்று டிரம்மைச் சுற்றிக் காட்டியது. இதை அவர் ஏன் செய்யவில்லை? தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

ஒன்றை மட்டும் இயந்திரத்தின் சார்பில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். அது சுற்ற மறுத்தது திமிரால் அல்ல. ஸ்பின்னுக்கு முன்னால் டிரம்மை மெதுவாகச் சுற்றித் துணியைச் சுவரோடு ஒட்டவைத்துப் பார்க்கிறது. பாரம் ஒரே பக்கம் இருந்தால் மோட்டாரின் வேகம் சீராக இல்லாமல் ஏறி இறங்குகிறது. உடனே நிறுத்தி, துணியைக் குலுக்கிப் போட்டு மறுபடியும் முயல்கிறது. அந்த 9 நிமிடம் அசையாமல் நிற்பது இதனால்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிரம்மின் ஆரம் கால் மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 1,200 சுற்று, அதாவது விநாடிக்கு 20. வெறும் அரை கிலோ ஈரத்துணி ஒரு பக்கம் கூடுதலாக ஒட்டியிருந்தால், டிரம்மை அது வெளியே இழுக்கும் விசை ஏறத்தாழ 200 கிலோ எடைக்குச் சமம். ஒரு விநாடிக்குள் 20 முறை சுற்றிச் சுற்றித் திசை மாறி இழுத்தால் எந்தப் பெட்டி தாங்கும்? 2016இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 28 லட்சம் டாப் லோடு இயந்திரங்களைத் திரும்ப அழைத்தார்கள். ஸ்பின்னின்போது அதிர்வில் மேல்மூடி கழன்று தெறித்ததுதான் காரணம். ரெயின்கோட், மெத்தையின் பிளாஸ்டிக் உறை போன்ற தண்ணீர் புகாத துணிகளை இயந்திரத்தில் போடாதே என்று கையேடு சொல்வதும் வீண் பேச்சில்லை. தண்ணீரைக் குடம் போலப் பிடித்து வைத்துக்கொண்டு பாதி வேகத்தில் கொட்டிவிடும்.

ஆகையால் நிறுத்தியது சரி. நிறுத்திய காரணத்தைச் சொல்லாமல் முக்கால் மணி நேரம் 9 என்று புளுகியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி ஸ்டாண்டு. அந்தச் சனியனைப் பற்றி எழுதாமல் தூங்க மாட்டேன். இயந்திரம் வாங்கிய அன்றே, “கீழே ஸ்டாண்டு இல்லாவிட்டால் துரு பிடிக்கும் மேடம்” என்று சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டு ஒன்றை 1,400 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். கனமான ஒரு பெட்டி, அதற்குள் சுற்றும் டிரம், அதற்கு அடியில் உருளும் சக்கரம்! யோசித்தவனை ஒரு நாள் அதன் மேல் உட்காரவைத்து 1,200 சுற்று விட வேண்டும்.

பக்கத்து வீட்டில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் போய், “அண்ணா, ரசமட்டத்தைக் கொஞ்சம் கொடுங்கள்” என்று கேட்டேன். அவரே எடுத்துக்கொண்டு வந்து இயந்திரத்தின் தலையில் வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாகச் சுவர்ப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. நான் கட்டடக்காரரைத் திட்ட வாயெடுத்தேன். “பால்கனித் தரை வாட்டமாகத்தான் இருக்கும் அம்மணி. மழைத் தண்ணீர் ஓட வேண்டாமா? மட்டமாகப் போட்டிருந்தால் அதற்கும் எங்களைத்தான் ஏசுவீர்கள்” என்றார் அவர். வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்டாண்டை உருவி எறிந்தோம். இயந்திரத்துக்கு அடியில் நான்கு திருகு கால்கள் இருக்கின்றன. மூன்று வருடமாக அவை இருப்பதே எனக்குத் தெரியாது. தாழ்ந்த பக்கத்துக் காலை ஸ்பேனரால் இறக்கி, குமிழி நடுவுக்கு வந்ததும் பூட்டு நட்டை மேலே ஏற்றி இறுக்கினார். எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. கால் மணி நேர வேலை. காசு கேட்டால் வேண்டாம் என்று ஒரு டம்ளர் காப்பியோடு போய்விட்டார். 7,800 எங்கே, காப்பி எங்கே!

அன்று மாலையே கால்சட்டைகள், துண்டுகள், பள்ளிச் சீருடை என்று கலந்து போட்டேன். 9, 8, 7 என்று சமர்த்தாக இறங்கி முடித்தது.

வீட்டிலும் குற்றவாளிகள் இருக்கிறார்கள், அவர்களையும் விடப்போவதில்லை. என் கணவர் ‘நாளைக்கு வேண்டும்’ என்று ஒற்றை ஜீன்ஸை மட்டும் போட்டு பொத்தானை அழுத்துகிறவர். ஒற்றைத் துணிக்கு எதிர்ப்பக்கம் பாரம் ஏது? கூட இரண்டு கனமான துண்டைப் போட்டால் அந்த ஜீன்ஸும் ஒழுங்காகப் பிழிந்து வரும். போர்வை உறையின் வாயைக் கட்டாமல் போட்டால் மற்ற துணியெல்லாம் அதற்குள் குடியேறிவிடும். ஏழு கிலோ என்பது உலர்ந்த துணிக்குச் சொன்ன கணக்கு. அதற்காக ஏழு கிலோ துணியைத் திணித்து முழங்காலால் கதவைச் சாத்துவது, நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஜமக்காளத்துக்கு மட்டும் எந்த ரசமட்டமும் உதவவில்லை. கால்களைச் சரிசெய்த பிறகும் வீம்புக்கு ஒரு முறை போட்டுப் பார்த்தேன். மறுபடியும் 9. “அதைக் கல்லில் போட்டு மிதித்துத்தான் துவைக்க வேண்டும், அன்றைக்கே சொன்னேன்” என்றார் அத்தை, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். அன்றைக்கு அவர் சொல்லவில்லை. அன்றைக்கு “மெஷின்தான் இருக்கிறதே, போடு” என்றார். சாட்சி இல்லாததால் தோற்றுப்போனேன்.

கடைசியில் நானும் கணவரும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பிழிந்தோம். பிழிந்த தண்ணீர் பால்கனி வாட்டத்தில் அழகாக ஓடி, குழாய் வழியே இறங்கி, கீழ்வீட்டுக்காரம்மா அப்போதுதான் போட்டு முடித்திருந்த கோலத்தின் மேல் விழுந்தது.