பாலம் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை இணையவழி இலக்கியக் கூட்டத்தில் நடந்ததை இங்கே பலரும் நேரில் பார்த்தீர்கள். அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஃபெனிமோர் கூப்பரின் 'தி லாஸ்ட் ஆஃப் தி மோஹிகன்ஸ்' (கடைசி மோஹிகன்) நாவலின் நாயகன் ஹாக்ஐ வெள்ளையரையும் பூர்வகுடிகளையும் இணைத்த பண்பாட்டுப் பாலம் என்று சிறப்புரையாளர் உருகினார். நான் கேள்வி கேட்கத் தொடங்கியதும், எங்கும் இனவாதத்தையே தேடும் நோய் எனக்கு இருப்பதாகக் கண்டறிந்து என் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். மருத்துவ ஆலோசனைக்கு நன்றி. அங்கே முடிக்க விடாத கேள்வி இதுதான்: அந்தப் பாலத்தின் மீது மறுகரையிலிருந்து இந்தப் பக்கம் வந்து உயிரோடு வாழ்ந்த ஒருவரையாவது அந்த நாவலில் காட்ட முடியுமா?

ஹாக்ஐ, அதாவது நாட்டி பம்போ, டெலவேர் என்ற பூர்வகுடி மக்களிடையே வளர்ந்த வெள்ளையன். காட்டில் தடம் பார்க்கவும், ஓசையில்லாமல் நடக்கவும், எதிரியின் மனத்தைக் கணிக்கவும் அவர்களிடமே கற்றுக்கொண்டான். கற்ற வித்தையை வைத்துக்கொண்டு 1757-இல் ஆங்கிலேயப் படைக்கு வழிகாட்டுகிறான். தன் ரத்தத்தில் எந்தக் கலப்பும் இல்லை என்று நாவல் முழுவதும் யாரும் கேட்காமலே அறிவித்துக்கொண்டிருக்கிறான். வெள்ளையருக்கு இறைவன் கொடுத்த இயல்பு வேறு, செவ்விந்தியருக்குக் கொடுத்த இயல்பு வேறு என்பது அவனுடைய அசைக்க முடியாத சித்தாந்தம். இதைச் சொல்லிக்கொண்டு நடுவில் நிற்பவனுக்குப் பாலம் என்று பெயர் வைத்தால், சுவருக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

'தி லாஸ்ட் ஆஃப் தி மோஹிகன்ஸ்' 1826-இல் வெளிவந்தது. அதன் இறுதி அத்தியாயத்தைச் சிறப்புரையாளர் படித்திருப்பார் என்றே நம்புகிறேன். ஹாக்ஐயின் நண்பர், மோஹிகன் பூர்வகுடியைச் சேர்ந்த சிங்காச்குக்கின் மகன் அன்காஸும், ஆங்கிலேயப் படைத் தளபதியின் மகள் கோராவும் இறந்துவிட்டார்கள். மறுவுலகில் அந்த இருவரும் ஒன்றாக வாழ்வார்கள் என்று டெலவேர் பெண்கள் ஒப்பாரியில் பாடும்போது, அறியாதவர்களின் நம்பிக்கை என்பதுபோல ஹாக்ஐ தலையை அசைக்கிறான். பிறகு கோராவின் தந்தை மன்ரோ, ஆண் பெண், உயர்வு தாழ்வு, நிறம் என்ற வேறுபாடு எதுவும் இல்லாமல் நாம் அனைவரும் கடவுளின் அரியணை முன் கூடும் நாள் தொலைவில் இல்லை என்று அந்தப் பெண்களிடம் சொல்லும்படி அவனைக் கேட்டுக்கொள்கிறார். மகளைப் புதைத்த இடத்தில் நின்றுகொண்டு ஒரு தகப்பன் கேட்கிறார். ஹாக்ஐ அதைச் சொல்ல மறுக்கிறான். குளிர்காலத்தில் பனி பெய்யாது என்று சொல்வதைப் போன்றது அது என்கிறான். கேட்பவர்களின் தகுதிக்கு எது பொருந்தும் என்று தானே முடிவு செய்து, வேறு ஏதோ நன்றி வார்த்தைகளைச் சொல்லி முடித்துவிடுகிறான். இரு மொழியும் தெரிந்தவன் அவன். அந்த நாவலில் இரு கரையும் மனதால் ஒன்றுசேரக்கூடிய ஒரே நொடியில், வழியை மறித்து நிற்பவனும் அவனே.

கொஞ்சம் சொந்தக் கதை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது, அலுவலகத்தில் ஹிந்தி தெரிந்தவன் நான் மட்டுமே. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் என்னை நிறுத்தினார்கள். ஆண்டு விழாவில் என்னையும் பாலம் என்றுதான் பாராட்டினார்கள். மிகைநேரக் கூலி எப்போது வரும் என்று அந்தப் பையன்கள் கேட்டதை நான் ஒரு சொல் விடாமல் உள்ளே சொல்வேன். பதிலைச் சொல்லி அனுப்பும்போது மட்டும், "பக்குவமாகச் சொல்லுப்பா" என்பார்கள். ஒருமுறைகூட தொழிலாளியின் சொல்லைப் பக்குவப்படுத்தும்படி எனக்கு யாரும் உத்தரவிட்டதில்லை, அவன் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. பாலத்துக்குச் சம்பளம் எந்தக் கரையிலிருந்து வருகிறது என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆகவே எனக்கு இலக்கிய ரசனை போதாது என்று எழுதிய நண்பரிடம், வேறு சில விஷயங்கள் எனக்குப் போதுமான அளவு தெரியும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்தாளரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பீர்கள். சரி, அன்றைய அளவுகோலையே எடுப்போம். 1827-இல், அதாவது ஒரே ஆண்டு கழித்து, கேத்தரின் செட்ஜ்விக் எழுதிய 'ஹோப் லெஸ்லி'யில் ஃபெய்த் என்ற வெள்ளைப் பெண் பீக்வாட் பூர்வகுடி இளைஞன் ஒருவனை மணந்து, மீட்க வந்த குடும்பத்தோடு போகாமல் அவனோடே வாழ்கிறாள். 1829-இல் வில்லியம் எய்ப்ஸ் என்ற பீக்வாட் மனிதர் தன் வரலாற்றைத் தானே எழுதி வெளியிட்டார். அந்தக் காலத்தில் வேறுவிதமாக யோசிக்கவே முடியாது என்பது சோம்பேறித்தனமான வாதம். மேலும், நான் கூப்பரைக் கூண்டில் ஏற்றவில்லை. 2 நூற்றாண்டு கழித்தும் அதே மயக்கத்தில் கைதட்டுகிறவர்களைத்தான் கேட்கிறேன்.

நாட்டிக்கும் சிங்காச்குக்குக்கும் இடையிலான நட்பு பொய்யா என்பார்கள். பொய்யில்லை, மகனை இழந்த சிங்காச்குக்கின் கையை அவன் பற்றும் இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்த நண்பருக்குக் கூப்பர் வைத்திருந்த முடிவு என்ன? 1823-இல் வந்த 'தி பயனியர்ஸ்' நாவலிலேயே அது எழுதப்பட்டுவிட்டது: ஞானஸ்நானம் பெற்று, குடிக்கு அடிமையாகி, வெள்ளையரின் புதிய ஊரில் ஓர் ஓரத்தில் வாழ்ந்து, தீப்பிடித்த மலைமேல் சாகிறார். நாட்டியோ துப்பாக்கியோடு மேற்கே நடக்கிறான்; அவனுக்கு இன்னும் நாவல்கள் மிச்சம் இருக்கின்றன.

'மோஹிகன்ஸ்' நாவலை வைத்து 1992-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுபவர்களுக்காக இன்னொன்று. நாவலில் கோராவை விரும்புபவன் அன்காஸ். படத்தில் அந்தக் காதலும் ஹாக்ஐக்குப் போய்விட்டது. வித்தையைக் கொடுத்தார்கள், நிலத்தைக் கொடுத்தார்கள், கடைசியில் காதலையும் கொடுத்துவிட்டார்கள்.

உண்மையில் நடுவில் நின்ற மனிதர்கள் இருந்தார்கள். ஆண்ட்ரூ மாண்டூர் போன்ற கலப்புக் குடும்பத்து மொழிபெயர்ப்பாளர்கள் இரு தரப்பின் சந்தேகத்தையும் சுமந்துகொண்டு ஒப்பந்தங்களில் நின்றார்கள். புனைகதையின் புகழ் அவர்களுக்குப் போகவில்லை. புகழ் பெற்றவர் வெள்ளை வேட்டைக்காரரான டேனியல் பூன். 1778-இல் ஷானி பூர்வகுடித் தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைத் தன் மகனாகவே தத்தெடுத்தார். சில மாதங்களில் தப்பி ஓடி, அதே ஷானிகளுக்கு எதிராகப் பூன்ஸ்பரோ கோட்டையில் நின்றார் அந்த மகன். எல்லைப்புற நாயகனுக்கு முன்மாதிரி இவர்தான்.

'கடைசி மோஹிகன்' என்று கண்ணீர் விட்ட நாடு, அந்த நாவல் வந்து 4 ஆண்டுகளில், 1830-இல், பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே வெளியேற்றச் சட்டம் இயற்றியது. இவர்கள் தாமாகவே மறைந்துபோகும் மக்கள் என்று முன்கூட்டியே அழுது முடித்தவர்களுக்கு, விரட்டுவது எளிதாகத்தானே இருந்திருக்கும்? மோஹிகன்களோ மறையவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சி சமூகமாக, தங்களுக்கென ஓர் ஆட்சி மன்றத்தோடு இன்றும் வாழ்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஓடிய அந்த உரையில் இவர்களுக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்கவில்லை என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். அதற்கு எனக்குக் கிடைத்த பெயர் நோயாளி.

அடுத்த மாதக் கூட்டத்துக்கான அழைப்பும் நேற்று வந்தது. "கருத்து வேறுபாடுகளை வரவேற்கிறோம்" என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் வரவில்லை. என் கேள்விக்குப் பதில் இருப்பவர்கள் இங்கேயே எழுதலாம், யாருடைய ஒலிவாங்கியையும் நான் அணைக்கப் போவதில்லை. இறுதி அத்தியாயத்தை மட்டும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.