பெக்கி கார்னி அழுத்திய பச்சைப் பொத்தான்

திங்கட்கிழமை (2012 ஜூலை 2) இரவு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகர் ராலேயில், சட்டமன்ற உறுப்பினர் பெக்கி கார்னி பொத்தானை மாற்றி அழுத்தி வாக்களித்ததை இங்குள்ள நண்பர்கள் எல்லாரும் படித்திருப்பீர்கள். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால், "பச்சை எது, சிவப்பு எது என்று தெரியாத பெண்மணி" என்னும் கேலிப் படத்தை நேற்று ஒரே நாளில் மூன்று பேர் என் பக்கத்தில் ஒட்டிய பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

வட கரோலினாவில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்க வழிவிடும் மசோதாவை ஆளுநர் பெவர்லி பெர்டியூ வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் தடுத்தார். அதை முறியடிக்கக் கீழவையில் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு தேவை. 72 பேர் முறியடிக்கவும் 47 பேர் வேண்டாமென்றும் வாக்களித்தார்கள். வாக்களித்த 119 பேரில் ஐந்தில் மூன்று பங்கு என்றால் 72 பேர். ஒன்று குறைந்திருந்தாலும் வீட்டோ நிலைத்திருக்கும். அந்த 72-இல் ஒன்று சார்லட் பகுதியின் உறுப்பினர் பெக்கி கார்னியுடையது. வீட்டோவைக் காப்பாற்றும்படி அன்று பகல் முழுவதும் சக உறுப்பினர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தவர், 'வேண்டாம்' என்னும் சிவப்புக்குப் பதில் 'முறியடிக்கலாம்' என்னும் பச்சையை அழுத்திவிட்டார். உடனே உணர்ந்து, திருத்துவதற்காக அவைத்தலைவர் டாம் டில்லிஸின் கவனத்தை ஈர்க்க முயன்றார். முடிவையே மாற்றிவிடும் என்றால் வாக்கை மாற்ற முடியாது என்பது விதி என்றார்கள். பெரும்பான்மைக் கட்சித் தலைவர் பால் ஸ்டாம் நடைமுறைத் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்து மறுவாக்கெடுப்புக்கான வழியையும் அடைத்தார்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். தவறு செய்தவர் அதை அங்கேயே, அப்போதே சொன்னார். அவை கேட்க மறுத்தது. தவறு அவருடையது, அதை அவரே ஒப்புக்கொண்டார். மறுப்பு அவையுடையது, அதற்கு இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை.

"விதி விதிதானே" என்பீர்கள். அதே இரவில் வேறு மசோதாக்களில் உறுப்பினர்கள் எழுந்து தங்கள் வாக்கை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு அனுமதியும் கிடைத்திருக்கிறது. முடிவு மாறாது என்றால் திருத்தலாம், மாறும் என்றால் கூடாது என்று ஒரு விதி சொல்லுமானால், திருத்தம் எங்கே உண்மையில் தேவையோ அங்கேதான் அது தடுக்கிறது. வாக்கெடுப்பு முடிந்த பிறகு பேரம் பேசி மாற்றிக்கொள்வார்கள் என்ற அச்சம் நியாயமானது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் காலையிலிருந்து எந்தப் பக்கம் நின்றார் என்பதை அவையே அறிந்திருக்கும்போது அந்த அச்சத்துக்கு என்ன இடம்?

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004 மக்களவைத் தேர்தலில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாக்களிக்கப் போனவர், கை நடுக்கத்தில் தான் நினைத்த சின்னத்துக்கு அடுத்த பொத்தானை அழுத்திவிட்டார். பீப் ஒலி கேட்டதுமே தெரிந்துவிட்டது. மேசைக்கு வந்து சொன்னபோது, "ஒண்ணும் பண்ண முடியாதும்மா, நீங்க போகலாம்" என்றார்களாம். வீட்டுக்கு வந்து அன்று மதியம் சாப்பிடவில்லை. நாங்கள், நானும் சேர்ந்துதான், சிரித்தோம். ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்றோம். அடுத்தடுத்த தேர்தல்களின்போதும் அவர் அதைச் சொல்லி வருந்திக்கொண்டே இருந்தார்.

அம்மாவுக்கும்தான் திருத்த வழியில்லையே என்று கேட்பவருக்கு: அது இரகசிய வாக்கு. இயந்திரத்துக்குள் விழுந்தபின் எது யாருடையது என்று எவராலும் பிரிக்க முடியாது, ஆகவே அங்கே அந்த மறுப்புக்குக் காரணம் இருந்தது. சட்டமன்றத்தில் பெயரோடு பதிவாகும் வாக்கு அப்படிப்பட்டதா? கார்னி எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது பதிவில் இருக்கிறது. எதை அழுத்த நினைத்தார் என்பதை அவரே சொல்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? வரவுசெலவுத் திட்டம், இன நீதிச் சட்டம் (மரண தண்டனையில் இனப் பாகுபாடு பற்றியது) மீதான திருத்தம், எரிவாயு என மூன்று வீட்டோக்களை ஒரே நாளில் முறியடிக்க நள்ளிரவுவரை உட்கார முடிந்தவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் மட்டும் ஏன் இல்லாமல் போயின?

கவனமாக இருந்திருக்க வேண்டும் என்பவர்களோடு வாதிட மாட்டேன். இருந்திருக்கத்தான் வேண்டும்.

"எரிவாயு எடுப்பதற்கான விதிமுறைகளை வகுக்கத்தானே ஆணையம் அமைக்கிறார்கள், நாளைக்கே தோண்டப் போவதில்லையே" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எரிவாயு இருப்பதாகச் சொல்லப்படும் சான்ஃபோர்ட் ஊரைச் சுற்றி, நிலத்தடி நீர் கெட்டுவிடுமோ என்ற அச்சத்தில் கிணற்றுநீரையே நம்பி வாழும் குடும்பங்களிடம் போய் அதைச் சொல்லுங்கள். அங்கே ஓடும் டீப் ஆறு ஹா ஆற்றோடு கலந்து கேப் ஃபியர் ஆறாகிக் கடல்வரை போகிறது. வழியில் எத்தனையோ ஊர்கள் அதைக் குடிக்கின்றன. நான் காவிரிக் கரையில் பிறந்தவள். தண்ணீரைப் பற்றிய முடிவு களைத்துப்போன ஒருவரின் விரல் தவறியதால் எடுக்கப்பட்டது என்பதையும், அது தவறென்று தெரிந்த பிறகும் அப்படியே வைத்துக்கொண்டார்கள் என்பதையும் என்னால் செரிக்க முடியவில்லை. நீ கார்னியின் கட்சிக்காரி, அதனால்தான் பேசுகிறாய் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு இங்கே வாக்குரிமையே கிடையாது.

அந்தக் கேலிப் படங்கள் மூன்றையும் என் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன். ஒட்டியவர்கள் கோபித்துக்கொள்ளலாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் பள்ளிக்கூட வாசலில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அம்மாதான் தெரிகிறார்.