விற்பனை குறைவு மட்டும் காரணமில்லை

சில சொகுசுக் கார் மாடல்களை ஏன் நிறுத்துகிறார்கள் என்பதற்கு, "விற்கவில்லை, அதனால் நிறுத்திவிட்டார்கள்" என்று ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. பாதிதான் சரி. ஒரு காருக்கு நிற்கும் லாபம் அதிகம் என்றால், குறைவாக விற்கும் சொகுசு மாடலையும் கம்பெனி வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும்.

ஹோண்டாவின் சொகுசுப் பிராண்டான அக்யுராவின் இசட்.டி.எக்ஸ் காரையே பாருங்கள். அதே பிராண்டின் எஸ்.யு.வி-யான எம்.டி.எக்ஸின் அடித்தளம், அதே 3.7 லிட்டர் வி6 எஞ்சின், அதே கனடா ஆலை. ஆனால் கூரையை கூப்பே வகை ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி பின்பக்கம் சரித்துவிட்டதால் பின்சீட்டில் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். பின்கதவுக் கைப்பிடியை வேறு கண்ணாடி ஓரத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள்! பக்கத்திலேயே ஏழு பேர் உட்காரும் எம்.டி.எக்ஸ், இதைவிடக் குறைந்த விலையில் நிற்கும்போது இதை யார் எடுப்பார்கள்?

2010 மாடலாக வந்தது, 2013 மாடலோடு போனது. அந்த நேரத்தைக் கவனியுங்கள்: 2014 மாடலுக்கு எம்.டி.எக்ஸ் புதிய தலைமுறைக்கு மாறியது. கூடவே இதையும் மாற்ற வேண்டுமென்றால் பாகங்களை வடிக்கப் புது அச்சுகள், புது மோதல் சோதனைகள் என்று செலவு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கொஞ்சமாக விற்கும் காருக்கு அந்தப் பணத்தைப் போட எந்தக் கம்பெனியும் யோசிக்கும். பெரும்பாலான மாடல்களின் கதை இந்தக் கட்டத்தில்தான் முடிகிறது.

அப்புறம் 2024-இல் அதே பெயரில் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்துக் கொடுத்த மின்சாரக் கார் வந்தது. 2025-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

பழைய இசட்.டி.எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் பாகங்கள் பெரிய பிரச்சினை இல்லை, எம்.டி.எக்ஸில் உள்ளதுதானே. இதற்கு மட்டுமே உரிய பின்விளக்கு உடைந்தால்தான் தேடி அலைய வேண்டும்.