சுறாவை ‘ஆதி மீன்’ என்று சொல்வதை இனி நிறுத்தலாம்

சுறாவைப் பற்றி எந்த வீடியோவைத் திறந்தாலும் ‘நாற்பது கோடி வருடமாக மாறவே மாறாத உயிரினம்’ என்று ஒரு கனத்த குரல் வந்துவிடுகிறது. எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். சுறாவும் திருக்கையும் பழையவை, எலும்பு வராதவை. வஞ்சிரமும் விராலும் அதிலிருந்து முன்னேறி எலும்பு பெற்றவை என்று ஒரு ஏணிப்படிக் கதை நம் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கதை தப்பு என்று காட்டுகிற மீன்கள் உண்டு. அவற்றைப் பற்றித் தமிழில் யாரும் பேசுவதே இல்லை என்பதால்தான் இந்த நீளப் பதிவு.

அகாந்தோடியன்கள் என்று பெயர். சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முன், சைலூரியன் காலத்தில் தென்படத் தொடங்கி, பெர்மியன் காலத்தில் (சுமார் 30 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்) அழிந்துபோன தாடை மீன்கள். பெரும்பாலும் சின்ன மீன்கள், கையில் அடங்கிவிடும். பெரிய கண், மழுங்கிய மூக்கு, சுறாவைப் போல மேல்நோக்கி வளைந்த வால். வாலைத் தவிர ஒவ்வொரு துடுப்புக்கும் முன்னால் ஒரு முள். கெளுத்தி குத்தி வாங்கியவர்கள் அந்த முள்ளை நினைத்துக்கொள்வீர்கள், ஆனால் இது வேறு. கெளுத்தியின் முள், துடுப்பின் கதிர் ஒன்று கெட்டியானது. இவற்றின் முள், நம் பல்லில் இருக்கும் டென்டைன் திசுவால் ஆன தனி உறுப்பு. துடுப்பு அதன் பின்னால் ஜவ்வுபோல விரிந்திருக்கும். ஸ்காட்லாந்தின் பழைய செம்மணற்கல்லில் கிடைக்கும் கிளைமேஷியஸுக்கு, மார்புத் துடுப்புக்கும் இடுப்புத் துடுப்புக்கும் நடுவே, துடுப்பே இல்லாத இடத்திலும் ஜோடி ஜோடியாக முட்கள்.

செதிலும் விசேஷம்தான். மிகச் சிறிய சாய்சதுரங்கள், மீன் வளர வளர ஒவ்வொரு செதிலும் அடுக்கடுக்காகத் தானும் வளரும். இன்றைய சுறாவின் செதில் அப்படி வளராது. உடல் பெரிதானால் புதுச் செதில்கள் முளைக்கும்.

பழைய நூல்கள் இவற்றை மூன்று வரிசைகளாகப் பிரித்தன. முள்ளும் தோள் கவசமும் மிகுந்த கிளைமேஷியஸ் கூட்டம், பற்கள் தாடை எலும்போடு ஒட்டிப்போன இஸ்க்னகாந்தஸ் கூட்டம், பல்லே இல்லாத அகாந்தோடஸ் கூட்டம். மூன்றும் சேர்ந்து ஒரு வகுப்பு. முள் இருக்கிறதா, சின்னச் செதில் இருக்கிறதா, சரி, உள்ளே வா. இப்படி ஒரு வகுப்பை உண்டாக்கியதில்தான் சிக்கல் ஆரம்பித்தது என்பது என் கருத்து.

இந்த மூன்று கூட்டத்திலும் தலையின் உட்புறம் நன்றாகத் தெரிந்தது வெகுகாலம் ஒரே ஒரு மீனுக்குத்தான். ஜெர்மனியில் லேபாக் ஊர்ப் பக்கம் இரும்புத்தாது உருண்டைகளுக்குள் கிடைத்த அகாந்தோடஸ் பிரான்னி. வயது சுமார் 29 கோடி ஆண்டு. அதாவது கூட்டத்தின் கடைசிக் காலத்து மீன். பல் கிடையாது, ஒற்றை முதுகுத் துடுப்பு, செவுளால் நீரை வடிகட்டி இரை தின்னும் ஏற்பாடு. இவ்வளவு விலகிப்போன ஒன்றை மொத்தக் குலத்துக்கும் சாட்சியாக நிறுத்தினார்கள். 1937இல் வாட்சன் என்ற ஆய்வாளர், தாடைக்குப் பின்னால் முழுச் செவுள் துளை இருந்தது என்று சொல்லி, இவற்றைக் கவச மீன்களோடு (தலையும் மார்பும் எலும்புத் தகடுகளால் மூடிய, அழிந்துபோன மீன்கள்) சேர்த்தார். அது நிற்கவில்லை. 1973இல் மைல்ஸ் என்ற இன்னொரு ஆய்வாளர் அதே மீனின் மூளைக்கூட்டைப் பார்த்து, எலும்பு மீன்களின் உறவு என்றார். அது நீண்ட நாள் நின்றது.

2009இல் மார்ட்டின் பிரசோ என்ற ஆய்வாளர், இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில் கிடைத்த டோமகாந்தஸ் என்ற அகாந்தோடியனின் மூளைக்கூட்டை விவரித்தார். டெவோனியன் காலத்தின் தொடக்கம், அகாந்தோடஸைவிடப் பன்னிரண்டு கோடி ஆண்டு மூத்தது. இரண்டுக்கும் ஒட்டவே இல்லை. ஒரே வகுப்பு என்ற பேச்சு அங்கேயே ஆட்டம் கண்டது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 2012இல் டேவிஸ், ஃபினரெல்லி, கோட்ஸ் மூவரும் அதே லேபாக் மீனை மறுபடி ஆராய்ந்தார்கள். மண்டை அமைப்பு பார்ப்பதற்கு ஆதிச் சுறாவைப் போலவே இருந்தது. ஆனால் எல்லாப் பண்புகளையும் போட்டுக் கணக்கிட்ட உறவு மரமோ அதை எலும்பு மீன்களின் பக்கம் வைத்தது. முகம் ஒன்று சொல்கிறது, மரம் வேறொன்று சொல்கிறது. அவர்கள் இதை மழுப்பவில்லை. சுறாச் சாயல் என்று நாம் நினைப்பதெல்லாம் இரு தரப்புக்கும் பொதுவான மூதாதையின் சாயலாக இருக்கும் என்று எழுதினார்கள்.

அடுத்த வருடமே சீனாவின் யுனானிலிருந்து என்டெலோக்னேதஸ் வந்தது. சுமார் 42 கோடி ஆண்டுப் பழைய கவச மீன், ஆனால் தாடையில் எலும்பு மீன்களுக்கே உரியவை என்று நினைத்த எலும்புகள். அப்படியானால் முகத்தில் பெரிய எலும்புத் தகடுகள் இருப்பதுதான் பழைய நிலை. அந்தத் தகடுகளைத் தொலைத்துவிட்டுச் சின்னச் செதிலோடு நிற்பது பிந்தைய மாற்றம். இதைக் கணக்கில் சேர்த்ததும் அகாந்தோடியன்கள் மொத்தமும் சுறா வம்சத்தின் அடிமரத்துக்கு இடம் பெயர்ந்தன. ஒரு மீன்கூட அகாந்தோடியன் இல்லாத கண்டுபிடிப்பு ஒன்று அகாந்தோடியன் வகைப்பாட்டையே புரட்டியது!

இதற்கு வேறு சாட்சிகளும் உண்டு. கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் கிடைத்த டோலியோடஸ் என்ற பழைய மீனுக்குச் சுறாப் பல், ஆனால் மார்புத் துடுப்பில் முள். 2017இல் வந்த ஸ்கேன் ஆய்வில் உடலின் அடிப்பக்கமும் அகாந்தோடியன் பாணி முட்கள் தெரிந்தன. 2022இல் சீனாவின் குய்ச்சோவிலிருந்து வந்த ஃபான்ஜிங்ஷானியா என்ற மீன் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது, 43.9 கோடி ஆண்டு, கிளைமேஷியஸ் போன்ற தோள் கவசம். மங்கோலியாவின் கவச மீன் மின்ஜினியாவில் மண்டைக்குள் ஊடுருவிய எலும்பு இருப்பதாக 2020இல் வந்த செய்தியையும் சேர்த்துப் பார்த்தால், சுறாவின் முன்னோருக்கு எலும்பு இருந்து, பிறகு போயிருக்கலாம் என்று சொல்ல நல்ல ஆதாரம் இருக்கிறது. எலும்பைப் பெறாத மீன் இல்லை சுறா, எலும்பைக் கைவிட்ட மீன்.

‘வகைப்பாடு அடிக்கடி மாறுகிறதே, அப்புறம் இதில் என்ன அறிவியல்’ என்று கேட்பவர்கள் உண்டு. 1937, 1973, 2012, 2013 என்று ஒவ்வொரு முறையும் என்ன ஆதாரத்தால் மாறியது என்பது அச்சில் இருக்கிறது. பாடப்புத்தகம் கடைசி விடையை மட்டும் அட்டவணையாகப் போட்டு, அதற்கு வந்த வழியை மறைப்பதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது.

இப்போதும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அகாந்தோடியன்கள் சுறா வம்சத்தில் வரிசையாகப் பிரிந்த பல கிளைகளா, அவற்றுக்குள் சில சேர்ந்து தனிக் குடும்பமாக நிற்குமா என்பதில் ஆளுக்கொரு மரம் வரைகிறார்கள். அதனால்தான் பல ஆய்வாளர்கள் அகாந்தோடியன் என்ற பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதுகிறார்கள். என் பந்தயம் பல கிளைகள் என்ற பக்கம். முள்ளை மட்டும் வைத்து ஒரு குடும்ப அட்டை கொடுப்பதை நான் இனி நம்பத் தயாரில்லை.